பெட்டிக்குள் போக மறுத்த பொலஸ் கறி

சமையல் பெட்டி விற்கிற வெளிநாட்டுக் கம்பனிகளின் இரகசியம் ஒன்றை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன், இதற்குமேல் என்னால் அடக்கிவைக்க முடியாது. பெட்டிக்குள் எல்லாம் இருக்கும். இரண்டு பல் பூண்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு இஞ்சி, ஒரு கைப்பிடி அரிசி, பொட்டலத்தில் கொஞ்சம் மசாலா. ஆனால் உப்பு இருக்காது, எண்ணெய் இருக்காது, பெரும்பாலும் மிளகும் இருக்காது. இவை எந்த வீட்டிலும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா இதைச் சொன்னபோது, முற்றத்தில் சுளகோடு குந்தியிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். எதிரே முள்முருங்கை முழுக்க மிளகுக்கொடி ஏறிக் கிடந்தது.

"மிளகு வீட்டுல இருக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மாத்தளைக்கு வந்துட்டுப் போயிருக்கானோ?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கூத்து முழுவதும் தொடங்கியது.

சமையல் பெட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சமைத்த சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது வேறு. கொழும்பில் ஒரு தட்டுத் தட்டினால் கொத்துரொட்டி சூட்டோடு வாசலுக்கு வந்துவிடும். இது அதுவல்ல. இன்றைக்கு இந்தக் கறி, இத்தனை பேருக்கு என்று கணக்குப் பார்த்து, அதற்கு வேண்டிய சாமான்களை மட்டும் அளந்து, சமைக்கிற விதத்தைப் படம் போட்ட அட்டையில் அச்சடித்து, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். சமைப்பது நாம்தான். 2007இல் சுவீடனில் கிக்கி தியாண்டர் என்ற பெண் தொடங்கிய 'மிடாக்ஸ்ஃப்ரிட்' என்பதைத்தான் இந்த வியாபாரத்தின் மூத்த பிள்ளையாகச் சொல்கிறார்கள். 2011இல் பெர்லினில் 'ஹலோஃபிரெஷ்' வந்தது, அடுத்த வருடம் நியூயோர்க்கில் 'புளூ ஏப்ரன்'. அப்புறம் இந்தப் பெட்டி எங்கள் அக்காவின் ஸ்காபரோ வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்துவிட்டது.

அக்காவும் அத்தானும் ஆளுக்கொரு நேரம் வேலைக்குப் போகிறவர்கள். பெட்டி வந்தபிறகு மாலையில் 'இன்றைக்கு என்ன சமைக்கிறது' என்ற சண்டை வீட்டில் இல்லை என்று அக்கா பெருமைப்பட்டாள். அதன் பக்கவிளைவு மருமகன். அவனுக்கு எட்டு வயது. வந்த முதல் நாளே அம்மாவின் அடுப்பங்கரைக்குள் நுழைந்து, அம்மியைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், பரணை அண்ணாந்து பார்த்தான். பிறகு கேட்டான்: "அம்மாச்சி, கார்ட் எங்க?"

"என்ன காட்டு?"

"எப்படிச் சமைக்கிறதுன்னு போட்டிருக்கிற கார்ட்."

அம்மா கரண்டியால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

அலுவிகாரைக்கு அப்படி ஒரு பெட்டி வருமா என்று அவனும் அவன் அக்காவும் ஃபோனில் துழாவினார்கள். நாங்கள் இருப்பது மாத்தளை நகரத்திலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர் தள்ளி, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 பெருவீதியின் ஓரம். எங்கள் வாசலுக்குப் பேக்கரிக்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், மீன்காரர் வருவார், அளந்து கட்டிய பெட்டி மட்டும் வராது.

ஆனால் சாமான்? சாமானுக்கா பஞ்சம்! இதைச் சொல்லாமல் மேலே போகவே மாட்டேன். இலங்கையின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தை, 1999இல் திறந்த தம்புள்ளைப் பொருளாதார நிலையம், எங்கள் மாத்தளை மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது, இதே வீதியில் வடக்கே. இரவில் படுத்துக்கொண்டு காதைக் கொடுத்தால் லொறிகளின் ஓட்டம் கேட்கும். நுவரெலியாப் பக்கத்து லீக்ஸும் கெரட்டும் மேலேயிருந்து இறங்கி, எங்கள் வாசலைக் கடந்து தம்புள்ளைக்குப் போகும். அங்கே விலை போட்டுக்கொண்டு, அதே வாசலைக் கடந்து மாத்தளைக் கடைக்கும் கண்டிக் கடைக்கும் திரும்பி வரும். நாங்கள் வாங்குகிற லீக்ஸ் எங்களை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டுப் போன லீக்ஸ். பெட்டிக் கம்பனிக்காரர் யாராவது இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார், அவருடைய தொழிலே காய் நடக்கிற தூரத்தைக் குறைப்பதுதானே.

யோசித்துப் பார்த்தால் நாங்களும் ஒரு தடவை பெட்டிச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்தான். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டு நாடே கதவைச் சாத்தியபோது, அனுமதி வாங்கிய வண்டிகளில் மரக்கறிப் பொதி வீடு வீடாக வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்க முடியாது, வேண்டாததை எடுத்துவிட்டுத் தரச் சொல்லவும் முடியாது. வந்ததைப் பிரித்து, அதற்கேற்ற கறியை யோசித்தோம். ஸ்காபரோவில் கறியை முடிவு செய்தபிறகு காய் வரும், நமக்குக் காய் வந்தபிறகு கறி முடிவாகும். பூசணிக்காயை அம்மா எத்தனை விதமாகச் சமைத்தார் என்று எழுதினால் இந்த இதழ் போதாது.

"அப்ப நாமளே கம்பனி நடத்துவோம்," என்றாள் மருமகள். பன்னிரண்டு வயது. குரலில் முகாமையாளர்.

வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம். செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள், பூனையை உள்ளே விட்டுவிடாதீர்கள், அது கோழி இறைச்சிப் பிரிவின் பரம எதிரி.

முன்விறாந்தை கொள்முதல் பிரிவு. மருமகள் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசை நிறுவைப் பிரிவு. அக்கா அம்மாவுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்த டிஜிட்டல் தராசை அம்மா பெட்டியோடு அலுமாரியில் வைத்திருந்தார். இப்போது அதை மருமகன் கைப்பற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்துக்கொண்டிருக்கிறான், தன் மூக்குக்கண்ணாடி உட்பட. அடுப்பங்கரைத் திண்ணை பொதியிடல் பிரிவு, அங்கே நான். வாசலில் நிற்கிற ஓட்டோ விநியோகப் பிரிவு. அதன் தலைமை அதிகாரியான என் கணவர், தான் எப்போது இந்த வேலையில் சேர்ந்தார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். தலைமைச் சமையல்காரர் அம்மா. அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. வாடிக்கையாளர் யார்? மாத்தளை நகரத்தில், முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கிட்ட, புதிதாகக் கலியாணம் முடித்து வாடகை வீட்டில் இருக்கும் என் தம்பியும் அவன் மனைவியும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தது முட்டைப் பொரியல். இதைவிடச் சிறந்த வாடிக்கையாளர் பெர்லினிலும் கிடைக்கமாட்டார்கள்.

உண்மையான கம்பனிகளின் உள்ளே எப்படி நடக்குமென்று அக்காவுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். என்ன கறியென்பது பல கிழமைக்கு முன்பே முடிவாகும். வாடிக்கையாளர் சில நாள் முன்பே தெரிவு செய்துவிட வேண்டும், 'கட்-ஓஃப்' என்கிற அந்தக் கெடு தாண்டினால் மாற்ற முடியாது, அப்போதுதான் எத்தனை கிலோ வெங்காயம் வாங்குவதென்று அவர்களுக்குத் தெரியும். பெரிய களஞ்சியத்தில் பட்டி ஓடும், ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் ஒரு சாமானைப் பெட்டிக்குள் போடுவார். இறைச்சி பனிக்கட்டிப் பொதியோடு அடியில். எடை குறைந்த இலையும் பொட்டலமும் மேலே. அட்டைப்பெட்டிக்கு உள்ளே குளிர் தாங்குகிற உறை.

"அப்ப மொதல்ல மெனு," என்று மருமகள் பேனையைத் தட்டினாள்.

வாடிக்கையாளரிடம் கேட்டோம். தம்பி யோசிக்கவே இல்லை. "பொலஸ்!"

பொலஸ் என்றால் பிஞ்சுப் பலாக்காய்க் கறி. கொறக்காப் புளி போட்டு, வறுத்த தூள் போட்டு, கறுவாவும் ரம்பையும் போட்டு, மண்சட்டியில் மணிக்கணக்காகக் கிடந்து, காய் இறைச்சிபோல் கறுத்து இறுகி வருகிற கறி. சிங்களச் சமையல்தான், ஆனால் மாத்தளையில் எந்தச் சட்டி யாருடையதென்று யார் பிரித்தார்கள். எங்கள் அம்மா இதைக் கற்றதே பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சியிடம். ஆச்சி அம்மாவிடமிருந்து இரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, அதைத் தடிமன் மருந்தாகத் தெருவுக்கே பரிந்துரைக்கிறார்.

பொலஸோடு பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு கோழிக்கறி. கோழி மருமகனின் வற்புறுத்தல். பனிக்கட்டிப் பொதி வைக்காவிட்டால் அது கம்பனியே இல்லையாம். தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து அந்தக் குறையைத் தீர்த்தோம்.

பிஞ்சுக்காய் ஆச்சியின் மரத்திலிருந்து வந்தது, கூடவே ஆச்சியும். பலாக்காய் வெட்டுகிற வேலையைப் பார்க்காதவர்களுக்கு அதன் மகத்துவம் விளங்காது. கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் பூசாமல் தொட்டால் பால் ஒட்டி, கத்தி கையோடு பிறந்ததுபோல் ஆகிவிடும். தோலைச் செதுக்கித் துண்டு போட்டதும் காற்றுப் பட்டுக் கறுக்கத் தொடங்கும், அதனால் மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். ஆக வெட்டிய பொலஸைக் காய்ந்த பொதியாக அனுப்ப வழியில்லை. முழுசாக அனுப்பினால் தம்பி மனைவி அதைப் பார்த்து அழுதுவிடுவாள். கொள்முதலும் பொதியிடலும் கூடி ஆலோசித்து, மூடி இறுகுகிற பெரிய மா டின்னில் மஞ்சள் தண்ணீரோடு அனுப்புவதென்று தீர்மானம் நிறைவேற்றின. டின் சிந்தக் கூடாது, ஓட்டோ மெதுவாகப் போக வேண்டும் என்று விநியோகப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்தல் போனது. "எழுத்திலயா?" என்றார் என் கணவர்.

பொலித்தீனா இலையா என்ற விவாதம் சின்னது. 2017 செப்டெம்பர் முதல் இந்த நாட்டில் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை. மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் கொண்டுபோன வருடம் அது. சட்டம் சொல்லாவிட்டாலும் கொல்லையில் வாழை நிற்கிறது. இலையைத் தணலில் வாட்டினால் கிழியாமல் மடியும், நாரால் கட்டலாம். கறிவேப்பிலை ஒரு பொட்டலம், ரம்பை முடிச்சுப் போட்டு ஒரு துண்டு, சேரைத் தண்டு ஒன்று, கறுவாப்பட்டை ஒன்று, கராம்பு, ஏலம், கொறக்காப் புளி. வரிசையாக அடுக்கிவைத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேசை தேவலோகம். அக்கா படம் எடுத்து ஸ்காபரோச் சிநேகிதிகளுக்கு அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அங்கே கறுவா என்று விற்பதில் பெரும்பகுதி வேறு சாதி மரத்துப் பட்டை; தடித்து, ஒற்றைச் சுருளாக, பல்லை உடைக்கும். நம்முடையது கடதாசிபோல் மெல்லிய சுருளுக்குள் சுருள்.

வாசனைச் சாமானைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விஷயம். எங்கள் வீதியில் வரிசையாக வாசனைத் திரவியத் தோட்டங்கள். வெளிநாட்டுக்காரர்களை இறக்கி, மிளகு, வனிலா, கொக்கோ, சாதிக்காய் என்று சுற்றிக் காட்டுவார்கள். நல்ல வேலைதான். ஆனால் சுற்று முடிகிற இடத்தில் ஒரு களிம்பைச் சுற்றுலாக்காரர் காலில் தடவி, முடியை உதிர்த்துக் காட்டி, போத்தல் போத்தலாக விற்கிற நாடகம் ஒன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே சாதிக்காய் பிளந்து, உள்ளே சிவப்பு வலைபோல வசவாசி கொட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைவிட்டுவிட்டு முடி உதிர்வதைப் பார்க்கிறார்கள். மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, மிளகுக்கும் கறுவாவுக்கும் வாழ்நாளைக் கொடுத்த விஞ்ஞானிகள் இருக்கிற ஊர் இது. போகட்டும்.

இப்போது உண்மையான நாடகத்துக்கு வருகிறேன். கார்ட்.

பெட்டியின் உயிர் அந்த அட்டைதான் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். காய் எங்கும் கிடைக்கும், அட்டைக்குத்தான் காசு. ஆகவே மருமகள் கொப்பியோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், மருமகன் தராசோடு. திட்டம் எளிது: அம்மா வழக்கம்போலச் சமைப்பார், சட்டிக்குள் போகுமுன் ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்கும்.

அம்மா உப்பை அள்ளினார். "நில்லுங்க அம்மாச்சி!" உப்பு தராசுக்குப் போனது. இலக்கம் கொப்பிக்குப் போனது. உப்பு திரும்பி அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா அதைப் பார்த்தார், கொஞ்சத்தைத் திரும்பச் சாடிக்குள் உதறினார், மிச்சத்தைச் சட்டியில் போட்டார்.

"அம்மாச்சி! நிறுத்தாச்சு!"

"நீ நிறுத்தது உன் உப்பு. நான் போட்டது என் உப்பு."

மறுபடி ஒரு கை அள்ளி நிறுக்கச் சொன்னோம், வேறு இலக்கம். அடுத்தது இன்னொரு இலக்கம். மருமகன் தராசு பழுது என்றான். அம்மாவுக்கோ கேள்வியே விளங்கவில்லை. கொறக்கா பழசானால் புளிப்புக் கூடும், அதற்கு உப்பு வேறு. தேங்காய் முற்றலாக இருந்தால் பால் கெட்டி, அதற்கு உப்பு வேறு. கொச்சிக்காய் மழைக்குப் பிறகு பறித்ததா வெயிலில் பறித்ததா என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் எழுதி என்ன பண்ணப் போகிறீர்கள்? "எத்தன கொச்சிக்கான்னு கேக்குற. எந்தக் கொச்சிக்கான்னு கேளு."

இப்படித்தான் அட்டை வளர்ந்தது. ஸ்காபரோ அட்டையில் ஆறு கட்டம், ஆறு படம். எங்கள் அட்டையின் முதல் கட்டமே இரண்டு பக்கம். 'தேங்காய் முற்றலாக இருந்தால் மூன்றாம் அம்மாச்சிக் குறிப்பைப் பார்க்கவும்' என்று அடிக்குறிப்பு வேறு. சட்டியை எப்போது இறக்குவது என்ற இடத்தில் அம்மா சொன்னதை மருமகள் அப்படியே எழுதினாள்: 'வாசம் கொல்லைக் கதவுக்கு வந்ததும்.' தம்பியின் வாடகை வீட்டில் கொல்லைக் கதவே இல்லை என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மருமகள்தான் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஊர்லதானே எழுதி வச்சாங்க," என்றாள்.

அவள் சொன்னது அலுவிகாரைக் குகை விகாரையை. இரண்டு நாளைக்கு முன்தான் போய்வந்திருந்தோம். எழுத்து இல்லாமலேயே பரம்பரை பரம்பரையாக வாய்ப்பாடமாக வந்த புத்தரின் போதனையை, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த இடம் இதுதான் என்பது மரபு. ஏன் திடீரென்று எழுத வேண்டி வந்தது? படையெடுப்பு ஒரு பக்கம், கொடும்பஞ்சம் ஒரு பக்கம். மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் பசியில் செத்துப்போனார்கள். எஞ்சியவர்களும் போனால் பாடமும் போய்விடும் என்ற பயத்தில் ஓலை எடுத்தார்கள். அந்த ஓலைகளின் வழிவந்த சுவடிச் சேர்க்கையும் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படையின் கையில் அழிந்தது. பிறகு மீண்டும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். விகாரையில் இன்றும் தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்டுகிறார்கள். கீறும்போது ஒன்றும் தெரியாது. கரி கலந்த மையைத் தடவித் துடைத்ததும் எழுத்து எழும்பி நிற்கும். பிள்ளைகள் இருவரும் தங்கள் பெயரை அப்படி எழுதி வாங்கி, சட்டைப்பைக்குள் வைத்து ஒடித்து, ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள்.

"அதான் அம்மாச்சி, நீங்களும் எழுதிவைக்கணும்."

அம்மா அகப்பையை நிறுத்தினார். "ஏன்டி, பஞ்சமா வந்திருச்சு?"

அக்கா பதில் சொல்லாமல் வெங்காயம் நறுக்கினாள். 2022இல் எரிவாயு வரிசையில் சிலிண்டரோடு நின்ற நாட்களில் விறகடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் அம்மாவிடம் ஓடிவந்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். "சரி, எழுது," என்றார். அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. பொலஸ் முடிந்து பருப்பு, பருப்பு முடிந்து அவருடைய மாமியார் தோட்ட லயத்தில் வைத்த கருவாட்டுக் குழம்பு, அதிலிருந்து மாமியாரின் குணநலன்கள். பின்னையதை மருமகள் சட்ட ஆலோசனையின் பேரில் எழுதாமல் விட்டாள்.

சாமானும் விதமும் ஒழுங்காகச் சேர்ந்தால் அலுவிகாரையில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு: ஈனா டி சில்வா. 1922இல் பிறந்து 2015இல் மறைந்த பத்திக் கலைஞர், பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் கூரையடியை வண்ணத் துணியால் நிறைத்தவர், எங்கள் ஊர் அலுவிகாரைக் குடும்பத்துப் பெண். தந்தை சர் ரிச்சர்ட் அலுவிகாரை இலங்கையரான முதல் பொலிஸ் மா அதிபர். கொழும்பு வாழ்க்கைக்குப் பிறகு ஈனா ஊருக்குத் திரும்பி, பெண்களைச் சேர்த்துப் பத்திக், தையல், தச்சு, பித்தளை வார்ப்பு என்று மரபுக் கைவினை நிலையம் ஒன்றை நடத்தினார். அதோடு ஒரு அடுப்பங்கரை. முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போனால், மூன்று விதச் சோறும் இருபத்தைந்து கறிவரையும் மேசைக்கு வருமென்று பயணக் கையேடுகளே வியந்து எழுதின. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும் என்ற அந்த விதியைக் கேட்டதும் மருமகள் துள்ளினாள்: "கட்-ஓஃப்! அவங்களும் கட்-ஓஃப் வச்சிருக்காங்க!"

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. ஈனாவுக்காகக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீடு, நடுமுற்றம் வைத்த புகழ்பெற்ற வீடு. காணி கைமாறி இடிபடப் போனபோது, அதைக் கல் கல்லாகக் கழற்றி, இலக்கம் போட்டு, பாவாவின் லுனுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள். வீட்டையே பெட்டிச் சாப்பாடாக்கிய ஆட்கள் இருக்கிற நாட்டில் நாங்கள் ஒரு பொலஸ் கறிக்குத் திண்டாடுகிறோம்!

விநியோகம். பெட்டி தயார். ஒரு பழைய பிஸ்கட் கார்ட்போர்ட். அடியில் உறைந்த போத்தலும் கோழியும், நடுவில் பொலஸ் டின், பருப்பு, மேலே இலைப் பொட்டலங்கள், எல்லாவற்றுக்கும் மேலே அட்டை (அட்டை என்பது மரியாதைச் சொல், அது பதினொரு பக்கக் கொப்பித் தாள்). தேங்காய்ப்பால் விஷயத்தில்தான் கடைசி நிமிட அமளி. பிழிந்த பால் வெக்கையில் புளிக்கும், டின் பால் அம்மாவுக்கு ஆகாது, பால்மாப் பக்கெட்டை நீட்டியபோது அவர் அதைப் பார்த்த பார்வையில் பக்கெட்டே தானாகக் கடைக்குத் திரும்பிப் போயிருக்கும். தம்பி வீட்டில் திருவலை கிடையாது. முடிவில் தேங்காய்ப்பூவாகத் திருவி, இலையில் கட்டி, 'முதல் பாலைக் கடைசியில் விடு, கடைசிப் பாலை முதலில் விடு' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினோம். விவிலியம்போல இருக்கிறது என்றார் அத்தான்.

மூன்று கிலோமீற்றரும் ஓட்டோ ஊர்ந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தவர்களுக்கெல்லாம், "பொலஸ் இருக்கு! பொலஸ் இருக்கு!" என்று மருமகன் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் விளக்கினான். யாரும் கோபித்ததாகத் தெரியவில்லை. பொலஸ் என்றால் மாத்தளையில் வழி விடுவார்கள்.

மாலையில் வீடியோ அழைப்பு. திரையில் தம்பி மனைவி, பின்னால் புகை. தம்பி நடுவே நின்று ஒவ்வொரு பக்கமாக வாசித்தான், அவள் கிளறினாள். எனக்கு இதுதான் பெரிய வேடிக்கை: எந்த வேலையையும் சேர்ந்து செய்யாத அந்த இரண்டு பேரும், ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டு, கிட்டக் கிட்ட நின்று, "ரம்பை போட்டாச்சா?", "எது ரம்பை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் காதில், "எங்க வீட்டிலயும் இப்படித்தான் ஆச்சு," என்றாள். பெட்டிக்காரர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்குப் பட்டது, அவர்கள் விற்பது புருஷன் பெண்சாதி இருவரும் ஒரே நேரத்தில் அடுப்படியில் நிற்பதற்கான சாக்கு.

"வாசம் கொல்லைக் கதவுக்கு வந்ததும்," என்று தம்பி வாசித்து நிறுத்தினான். "அக்கா, கொல்லைக் கதவு?"

எங்கள் பக்கம் ஒரே மௌனம். அம்மா ஃபோனைப் பறித்தார். "பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன சமைக்கிறீங்கன்னு கேப்பா. அப்ப எறக்கு."

கேட்டாளாம். இறக்கினார்களாம்.

மிச்சம்? ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு கறிவேப்பிலை ஈர்க்கைத் தவிர. பெட்டிச் சாப்பாட்டின் பலமே இதுதான் என்று ஆராய்ச்சியும் சொல்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஒப்பிட்டுப் பார்த்து, கடையில் சாமான் வாங்கிச் சமைக்கும் அதே சாப்பாட்டினால் வெளியாகும் பசுங்குடில் வாயு, பெட்டிச் சாப்பாட்டைவிடச் சராசரியாக மூன்றிலொரு பங்கு அதிகம் என்றார்கள். அத்தனை பொட்டலக் குப்பையையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்தக் கணக்கு. காரணம், அளந்து வருவதால் குப்பைக்குப் போகிற சாப்பாடு குறைவு. அம்மாவிடம் சொன்னேன். "மிஞ்சினா காலைல வேற கறி ஆகும், நாய்க்காகும், கோழிக்காகும். குப்பைக்கு ஏன் போகுது?" என்றார். மிச்சிகன்காரர்கள் எங்கள் அம்மா வீட்டை மாதிரிக்கு எடுத்திருந்தால் பெட்டி தோற்றிருக்கும்.

அடுத்த நாள் காலி டின்னும் பெட்டியும் திரும்பி வந்தன. காலியாக அல்ல. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு ஏது? டின் நிறைய உளுந்து வடை. தம்பி மனைவியின் அம்மா சுட்டுக் கொடுத்தனுப்பியது.

கொள்முதல் பிரிவு அதிர்ந்துபோனது. ஸ்காபரோவில் யாரும் கம்பனிக்குச் சாப்பாடு திருப்பி அனுப்புவதில்லை. மருமகள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வரவா செலவா என்று யோசித்தாள். மருமகன் வடையைத் தராசில் வைத்து ஒவ்வொன்றாக நிறுக்கத் தொடங்கினான், ஒவ்வொரு நிறுவைக்கும் வடை ஒன்று குறைந்துகொண்டு வந்தது. விநியோகப் பிரிவு தனக்குச் சம்பளபாக்கி இருப்பதாக இரண்டு வடையைப் பறிமுதல் செய்தது.

அம்மா மட்டும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனார். வடை கொடுத்தவர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா, டின்னில் எதையாவது போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமே. கத்தரிக்காய் மோஜு செய்யலாமென்று தீர்மானித்திருந்தார்.

"அம்மாச்சி! கட்-ஓஃப் நேத்தே முடிஞ்சு!" என்று மருமகள் பின்னாலேயே ஓடினாள்.